பிள்ளையாருக்குக் கீழே

ஜூலை 13, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஒரே பறப்பு. வெளியாளிடம் வாங்கவில்லை. இவருடைய பெரியப்பா மகன் தங்கமுத்து அண்ணன் ஐந்து வருடம் ஓட்டிய வெள்ளைக் கார். "நம்ம முத்து வண்டி. சொந்தத்துல வாங்கறதுக்கு என்னடா சோதிக்கறது?" என்றார் மாமா. சோதிக்கவில்லை. செருப்பு வாங்கினால்கூட கடைக்குள் நாலடி நடந்து பார்க்கிறோம். கார் வாங்கினால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் பார்ப்பதோடு சரி.

இடப்பக்க முன் சீட்டுக்கு எதிரே, டேஷ்போர்டின் மேல், பித்தளைப் பிள்ளையார் ஒருவர் ஒட்டப்பட்டிருக்கிறார். ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு வெல்வெட் விரிப்பு, அதன்மேல் மரப்பீடம், அதன்மேல் அவர். "இவர மட்டும் அசைக்காதீங்க. வண்டிக்கு இவருதான் காவல்" என்றார் தங்கமுத்து அண்ணன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமா முன்னால் ஏறி மதியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பத்து மாதக் குழந்தை, பிள்ளையாரைப் பிடிக்கத் தாவினாள். எல்லாரும் சிரித்தோம். தங்கமுத்து அண்ணனின் மனைவி பரிமளா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "பாப்பாவப் பின்னாடியே வெச்சுக்க, வாணி" என்றார். வண்டியை விற்க மனசில்லை போலிருக்கிறது. அதற்காக என் பிள்ளை எங்கே உட்கார வேண்டும் என்று அக்கா சொல்வதா?

ஜூலை 19, சனி

பெல்ட் போடாவிட்டால் இந்த வண்டி கத்துகிறது. டிங் டிங் டிங் என்று நிற்காமல். மதி தூங்கிய ஐந்தாவது நிமிடம் கத்தி எழுப்பிவிட்டது. இவர் பெல்ட் போடமாட்டார், சட்டை கசங்குமாம். மாமா போடமாட்டார், வயிறு.

பெல்ட்டின் நாக்கை மட்டும் தனியாகச் செய்து விற்கிறார்கள். அதைச் செருகிவிட்டால் வண்டி நாம் பெல்ட் போட்டதாக நினைத்துக்கொள்ளும். முன் சீட்டு இரண்டுக்கும் இரண்டு வந்திருக்கிறது. செருகியாயிற்று. நிம்மதி.

ஜூலை 24, வியாழன்

மதிக்குப் பால் கொடுக்கும்போது படிக்க எதுவும் இல்லாமல் கார்க் கையேட்டை எடுத்தேன். இருநூற்றுச் சொச்சம் பக்கம். இதுவரை யாரும் பிரிக்காத வாசனை.

குழந்தையை முன் சீட்டில், மடியில், எக்காரணம் கொண்டும் வைக்கக்கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் என்ற பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறதாம். மோதினால் இமைப்பதற்குள் உப்பி வெளியே வருமாம். அதன்மேல் எந்தப் பொருளையும் ஒட்டாதீர்கள், ஒட்டினால் அது பறந்து வந்து அடிக்கும் என்றும் இருக்கிறது. பித்தளைப் பிள்ளையார், அரைக் கிலோ குறையாது.

எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள் நான். ஒன்பது கிலோ குழந்தை, ஐம்பது கிலோமீட்டர் வேகம், பத்தில் ஒரு நொடியில் வண்டி நிற்கிறது. கணக்குப் போட்டால் அந்த நொடியில் மாமாவின் கைகள் இரண்டரை சிமெண்ட் மூட்டையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவர் தோள்வலிக்குத் தைலம் தேய்க்கிறவர்.

சாப்பாட்டின்போது சொன்னேன். மாமா ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, உன்ற வீட்டுக்காரன மொபட்ல முன்னாடி நிக்க வெச்சுச் சென்னிமலை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிருக்கறேன். உழுந்தா போய்ட்டான்?"

அத்தை: "அந்தப் பொஸ்தகத்த எடுத்து மேல வை. பால் கொடுக்கறப்பப் படிச்சாப் புள்ளைக்குக் கண்ணு கெட்டுப்போகும்."

என் கண்ணா, பிள்ளையின் கண்ணா, கேட்கவில்லை.

குழந்தைக்கென்று தனி சீட் இருக்கிறது, பின்சீட்டில் மாட்டலாம், வாங்கலாமா என்றேன். "கட்டி வெக்கறதுக்கு அவ என்ன கன்னுக்குட்டியா?" என்று மாமா சிரிக்க, இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இவரைப் பிடித்து இழுத்து வந்து கையேட்டில் உள்ளபடி ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தேன். டயரில் காற்று குறைவு. வைப்பர் ரப்பர் கிழிந்து தொங்குகிறது. பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டில். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றேன். "பாக்கலாம்" என்றார். டிக்கியில் இருந்த சாமானை எடுக்கச் சோம்பல்.

அப்புறம்தான் அந்த விஷயம். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக்கின் விளக்கும் அப்படித்தான், ஆறு நொடி எரிய வேண்டும். உட்கார்ந்திருக்கும் மனிதன், முன்னால் ஒரு பெரிய பந்து, அதுதான் படம். எங்கள் வண்டியில் அந்த மனிதன் எரியவே இல்லை. நாலு தடவை திருப்பிப் பார்த்தேன்.

"எரியலைன்னா நல்லதுதானே? கோளாறு இருந்தாத்தான எரியும்?" என்றார்.

"எரிஞ்சு அணையணும்ங்க. எரியவே எரியலைன்னா விளக்கே செத்துப் போச்சுன்னு அர்த்தம். எச்சரிக்கை பண்றவனையே காணோம்."

"வாணி, எரிஞ்சாலும் பயப்படற, எரியாட்டியும் பயப்படற."

மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றேன். வாசலில் இருந்தே மாமா குரல் கொடுத்தார்: "ஆடியில வண்டியக் கழட்டாதீங்க. ஆவணி பொறக்கட்டும்." ஆடியில் டயர் வெடிக்காதா? லாரிக்காரன் ஆடி முடியட்டும் என்று பிரேக் பிடித்துக் காத்திருப்பானா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆயில் மாற்ற வேண்டும் என்று மாமாவுக்குத் தெரியாமல் இவர் யூசுப் பாய் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். திரும்பி வந்ததும் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார்.

"அந்த லைட் பத்திக் கேட்டீங்களா?"

"ம்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்ல."

முழு மாலைக்கும் என் பங்குக்கு வந்தது இந்த இரண்டு சொல். கல்லூரியில் அறுபது பேருக்குப் பாடம் எடுத்தவளிடம் பேசும் லட்சணம்.

ஆகஸ்ட் 9, சனி

என் அம்மா வீட்டுக்குப் போனோம். மாமாவும் அத்தையும் வரவில்லை. ஒருநாளாவது இவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம் என்று மதியை அம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, கையேட்டில் படித்ததை மறந்து, அவளோடு முன் கதவைத் திறந்தேன். முன் சீட்டில் இருபத்தைந்து கிலோ அரிசிப் பை!

"டிக்கியில வைங்க."

"டிக்கியில எடமில்ல. நீ பின்னாடி உக்காரு. பாப்பாவும் பின்னாடி."

டிக்கியில் இடம் இருந்தது. கட்டிய பெண்டாட்டிக்கு இல்லாத மரியாதை பொன்னி அரிசிக்கு. பின்னால் உட்கார்ந்து, அரிசிப் பையின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஈரோடு வந்து சேர்ந்தேன்.

புதுசாக ஒன்று: இவர் தன் சீட்டில் செருகியிருந்த பொய் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு பெல்ட் போடுகிறார். போலீஸ் பிடிக்கிறானாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்று முன் சீட்டில் பழைய பேட்டரி. மாமாவே கடுப்பாகிவிட்டார். "என்னடா லோகு, பெத்தவன் உக்கார்ற எடத்துல இரும்புக்கடை வெச்சிருக்கற?"

"சனிக்கெழம கடைக்குக் குடுக்கணும்ங்கப்பா. நீங்க பின்னாடி உக்காருங்க, காலு நீட்டிக்கலாம்."

மாமா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஏறினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், பொய் சொல்வானேன். அரிசிப் பைக்குப் பின்னால் உட்கார்வது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்தாயிற்று. வருகிற 29ஆம் தேதி வெள்ளிக்கிழமை காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மதிக்கு மொட்டை, காதுகுத்து. அறுபது கிலோமீட்டர், பாதி வழி லாரி பறக்கும் ரோடு. மாமா அறிவித்துவிட்டார்: "மொதத் தடவ குலசாமிகிட்டப் போறவ, தாத்தன் மடியில முன்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே போவோணும். எங்கப்பன் மடியில வண்டிக்கு முன்னாடி உக்காந்துதான் லோகு போனான்." அது மாட்டு வண்டி. சொன்னேன். "இப்பெல்லாம் மாட்டுக்கு எங்க போறது" என்றார்.

இவரைப் பார்த்தேன். இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டை போட்டுப் பயனில்லை. என் அண்ணனுக்குப் போன் போட்டேன். காது குத்த தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? சீர் கொண்டுவருவான்தானே? "வெள்ளிக் கொலுசு வேண்டாம், அண்ணா. நான் சொல்ற பாப்பா சீட்டை வாங்கிக் கொண்டு வா. ஒருநாள் முன்னாடியே வா" என்றேன். தாய்மாமன் சீரை வேண்டாம் என்று சொல்ல இந்தக் கொங்கு நாட்டில் ஒருவனும் பிறக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும்.

இவர் இன்று பைக்கில் வேலைக்குப் போய்விட்டார். மதியை அத்தையிடம் விட்டுவிட்டு, காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு நானே யூசுப் பாய் பட்டறைக்குப் போனேன். கல்லூரி முதலாண்டிலேயே லைசென்ஸ் வாங்கியவள். ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாய் சாவியைக்கூடத் திருப்பவில்லை. "தம்பி சொல்லலியா, தங்கச்சி?" என்றார்.

"என்ன சொல்லலை?"

கையைத் துணியில் துடைத்தார். சொல்லலாமா என்று யோசித்தார். அப்புறம் வெல்வெட் விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். அடியில், டேஷ்போர்டில் குறுக்கே ஒரு முழ நீளத்துக்கு வெட்டுக்காயம் போல ஒரு கோடு. பசை வைத்து ஒட்டி, கறுப்புச் சாயம் அடித்திருக்கிறது.

"எப்பவோ மோதி, பை வெடிச்சு வெளிய வந்திருக்குது. புதுப் பை போடாம மேல மூடிட்டாங்க. ஸ்டீரிங்குலயும் அப்படித்தான். லைட்டு எரிஞ்சா மாட்டிக்குவாங்கன்னு மீட்டரைக் கழட்டி அந்த பல்பையும் புடுங்கிட்டாங்க."

"பிள்ளையாரு மேல இருந்தா, பை வெடிச்சா, முகத்துல..." என்று உளறினேன்.

"பிள்ளையாருக்கு ஒண்ணும் ஆகாது, தங்கச்சி. அவருக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

அஞ்சாம் தேதியே இவரிடம் காட்டியிருக்கிறார். அஞ்சாம் தேதி. இரண்டு தோசை. "ஒண்ணுமில்ல."

இவர் வந்ததும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன்.

"தெரியும்" என்றார். மறுக்கவில்லை.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா அப்பா முத்து அண்ணன் வீட்டு வாசல்ல போய் நிப்பாரு. பெரியப்பா செத்து ஒரு வருசம்கூட ஆகல. குடும்பமே ஒடஞ்சு போகும். நானே மெதுவா சரி பண்ணிக்கலாம்னு... நான் யாரையாவது முன்னாடி உக்கார விட்டனா, வாணி? ஒருநாள்?"

அரிசிப் பை. பேட்டரி. கால் நீட்டிக்கலாம்.

"குலதெய்வத்துக்குப் போறன்னைக்கு என்ன பண்றதா இருந்தீங்க?"

"தேங்கா மூட்டை வெக்கலாம்னு இருந்தேன்."

கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்தது. என் பிள்ளையின் உயிருக்கும் இவர் அப்பாவின் கோபத்துக்கும் நடுவில் ஒரு தேங்காய் மூட்டை! தினமும் இவர் பெருந்துறை ரோட்டில் அந்த ஸ்டீரிங்குக்குப் பின்னால் போய் வந்திருக்கிறார். அதையும் சொல்லவில்லை. என்னிடம் சொல்ல வேண்டும் என்றே இவருக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேசவில்லை.

அந்தப் பொய் நாக்கு இரண்டையும் ஆர்டர் போட்டது நான்தான். எழுதிவிட்டேன். மாமாவின் சீட்டில் இருந்ததைக் கழற்றி, அரிவாள்மனையில் வைத்து நறுக்கப் பார்த்தேன். அரிவாள்மனைதான் வளைந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

அண்ணன் சீரோடு வந்துவிட்டான். பழம், பூ, புதுப் பாவாடை, நடுவில் பெரிய தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமம் வைத்து அந்தக் குழந்தை சீட். அத்தை அதைத் தொட்டுப் பார்த்தார். "சீர்த் தட்டுல நாற்காலியா?"

"தாய்மாமன் மடி மாதிரிங்க அத்தை இது. நான் கூட வராத நாள்ல இது புடிச்சுக்கும்" என்றான் அண்ணன். இதைச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை. அவனுக்கே வந்தது.

மாமா சீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "செரி, திரும்பி வரும்போது அதுல போட்டுக்கலாம். போகும்போது என்ற மடி" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "வாங்க மாமா" என்று வண்டிக்கு அழைத்துப் போனேன். இவர் பின்னாலேயே ஓடிவந்தார், "வாணி, வாணி" என்று. கேட்கவில்லை. சுடுதண்ணீர்த் துணியால் ஒற்றி, தையல் நூலை முறுக்கிப் பீடத்துக்கு அடியில் விட்டு அறுத்தேன். அத்தை "ஐயோ சாமி, சாமி" என்றார். பிள்ளையாரை எடுத்து அத்தையின் கையிலேயே கொடுத்தேன். வெல்வெட்டை உரித்தேன்.

மாமா அந்தக் கோட்டை விரலால் தடவினார். சாயம் விரலில் ஒட்டியது. பாய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எரியாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளாத் தெரியும், லோகு?"

"அஞ்சாந் தேதியிலிருந்துங்கப்பா."

"அதுல நான் எத்தன தடவ முன்னாடி உக்காந்தேன்?"

"ஒரு தடவகூட இல்லீங்கப்பா."

"அந்த பேட்டரி..." என்று ஆரம்பித்தவர் இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "அம்மிணி, அந்தச் சீட்ட எப்படி மாட்டறதுன்னு காட்டு" என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மதி பின்சீட்டில், தாய்மாமன் சீரில். முதல் பத்து நிமிடம் கத்தினாள். அப்புறம் தூங்கிவிட்டாள். மாமா அவளுக்கு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பின்சீட்டிலும் பெல்ட் போட்டுக்கொண்டு. அத்தையும் என் அண்ணனும் உறவுக்காரர்கள் வேனில் வந்தார்கள். முன் சீட்டில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. இவர் வேகம் நாற்பதைத் தாண்டவில்லை.

மொட்டை ஆயிற்று. காது குத்தும்போது அண்ணன் மடியில் வீறிட்டாள். பந்தியில் தங்கமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பரிமளா அக்கா. இலையில் சோறு விழுவதற்கு முன்னால் போய் நின்றேன். மஞ்சள் பையில் இருந்து பிள்ளையாரை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உங்க பிள்ளையாருங்க, அண்ணா. காவலுக்குன்னு குடுத்தீங்க. எதைக் காவல் காக்கறாருன்னு பாத்துட்டோம்."

அவர் முகம் கறுத்தது. "லேசா இடிச்சது, அவ்வளவுதான். வாங்கும்போது யாரும் கேக்கலியே? சொந்தத்துக்குள்ள இதையெல்லாம் பேசறதா, வாணி?"

"கேக்க மாட்டோம்னுதானே எங்களுக்கு வித்தீங்க?"

அப்போதுதான் பரிமளா அக்கா எழுந்தார். மாமாவைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார். ஆனால் கடைசி இலை வரைக்கும் கேட்டது. "லேசா இல்லீங்க மாமா. பல்லடத்துக்குப் பக்கத்துல, போன தை மாசம். நாந்தான் முன்னாடி உக்காந்திருந்தேன். அந்தப் பை வெடிச்சதாலதான் இன்னைக்கு உங்க பந்தியில உக்காந்திருக்கறேன்."

தங்கமுத்து அண்ணன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா உட்காரவில்லை.

தன் பெண்டாட்டி உயிரைக் காப்பாற்றியது எதுவோ, அது இல்லை என்று தெரிந்தே எங்களுக்கு விற்றிருக்கிறான். இனி "ர்" போட்டு எழுத என் பேனாவுக்கு வராது.

மாமா பரிமாறிய கையைக் கழுவிவிட்டு வந்து அவன் எதிரே நின்றார். "முத்து, உன்ற அப்பன் இருந்திருந்தா இந்நேரம் செருப்பு உன்ற மேல விழுந்திருக்கும். நான் அடிக்கல. ரெண்டு பையும் நீயே மாட்டித் தரோணும். அது வரைக்கும் என்ற வீட்டுப் படிய மிதிக்காத." பிள்ளையாரை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். "இவர நீ வெச்சுக்க, அம்மிணி. உனக்குக் காவல் வேணும்."

குடும்பம் உடைந்துவிடும் என்று பயந்தாரே இவர். உடையவில்லை. அவன் எழுந்து போன ஒரு இலை மட்டும் காலியானது.

ஜூலை 13 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "பாப்பாவப் பின்னாடியே வெச்சுக்க." அதற்கு மேல் சொல்ல அக்காவுக்கு விட்டிருப்பார்களா? எனக்கும் ஒரு சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 20, சனி

பைகள் வந்து, மாட்டி, வண்டி இன்று வீட்டுக்கு வந்தது. யூசுப் பாய் என்னைத்தான் சாவியைத் திருப்பச் சொன்னார். அந்த மனிதன் எரிந்தான். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அணைந்தான். இன்னொரு தடவை திருப்பினேன். பாய் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது இவர் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "முன்னாடி வாயேன், வாணி. இப்பத்தான் எல்லாம் சரியாயிருச்சே."

மதியின் பக்கத்தில் பின்னால் ஏறிக்கொண்டேன். பை மாட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி நானாகக் கண்டுபிடித்திராவிட்டால் இன்னும் எத்தனை மூட்டை வந்திருக்கும்?

"இனிமே எதையும் மறைக்க மாட்டேன்" என்றார் கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"ரோட்டைப் பாருங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் டிக்கியில் இருந்த சாமானை எல்லாம் நானே இறக்கினேன். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று ஜூலை மாதம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். இன்று வரை யாரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். இல்லை.